சுவரோரப் பள்ளம்

லாரிகள் வந்து நிற்கும் சத்தத்தைச் சாவியக்கா காதில் வாங்குவதே இல்லை. நாளெல்லாம் வந்தபடி இருக்கும் சத்தத்தை எவ்வளவுதான் கேட்பது? ஆனால் அன்றைக்கு மத்தியானம், ஆண்கள் குளியலறையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி மைதானத்துக்குள் திரும்பியது. நின்றது. பிரேக்கிலிருந்து காற்று வெளியேறியபோது இரண்டு பெருமூச்சு விட்டது. முதல் மூச்சு நீளம். இரண்டாவது பாதியிலேயே அறுந்துபோனது. அவள் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றுவிட்டது.

அது அவள் புருஷனுடைய லாரி. புருஷன் செத்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போகலாமா வேண்டாமா என்று யோசித்தாள். போகவில்லை. தண்ணீரை ஊற்றி நுரையைத் தள்ளினாள். சாக்கடைத் துளையில் சிக்கிய முடியை எடுத்துக் குப்பைப்பையில் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். வேலை முடிந்த பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நெடுஞ்சாலை நெடுக, அவள் வேலைபார்த்த டீசல் கம்பெனிக்கு லாரிகள் நின்றுபோக இப்படி நிலையங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் கூரை. நுழைந்ததும் இடதுபக்கம் ரொட்டிக் கவுண்டர், வலதுபக்கம் காப்பி, நேரே போனால் கழிப்பறை, அதைத் தாண்டிக் குளியலறைகள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. ஒரு நிலையத்தில் தூங்கிப்போன கிளீனர் அடுத்த நிலையத்தில் கண் விழித்து, "எங்கடா என் சாப்பாடு? இந்த மேசையிலதானே வெச்சேன்!" என்று சண்டைக்குப் போன கதையைச் சொல்லி டிரைவர்கள் சிரிப்பார்கள். சாவியக்காவும் சிரித்திருக்கிறாள், முன்பெல்லாம்.

குளியலறைகளின் சாவி அவளிடம். அதனால்தான் அந்தப் பெயர். டிரைவர் வந்து பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அறை சுத்தமானதும் அவள் மைக்கில் கூப்பிட்டுச் சாவியைக் கொடுப்பாள். அவன் குளித்துவிட்டுப் போனதும் உள்ளே நுழைந்து, அப்படி ஒருத்தன் வந்துபோனதற்கான அடையாளமே இல்லாமல் செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது மேனேஜர் சொல்லிக்கொடுத்ததே அதுதான். கதவைத் திறப்பவனுக்கு, இதற்கு முன் இங்கே இன்னொருத்தன் துணியை அவிழ்த்து நின்றான் என்ற நினைப்பே வரக்கூடாது. சோப்பு வழிசல், காலடித்தடம், கண்ணாடியில் விரலால் கிறுக்கியது, ஒருத்தனுடைய வியர்வை வாடை, எல்லாம் போக வேண்டும். அவள் அதில் கெட்டிக்காரி.

அவள் புருஷன் செத்ததும் இதே கம்பெனியின் நிலையம் ஒன்றில்தான். ஒரு முழுநாள் ஓட்டத் தொலைவில் இருந்தது அது. குளிக்கப் பெயர் கொடுத்துவிட்டு, "கூப்பிடும்வரைக்கும் கொஞ்சம் படுக்கறேன்" என்று லாரிக்குப் போனவர். அந்த நிலையத்தில் சாவி வைத்திருப்பவள் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேரில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். லாரிக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம், "தூங்கற மாதிரியே இருக்காரும்மா" என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை விழித்திருக்கப் பார்த்ததைவிடத் தூங்கப் பார்த்ததே அதிகம். ஓட்டம் முடிந்து வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் தூங்கினார், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ அவளுக்கு அழுகையே வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ரொட்டிக் கவுண்டர் வரைக்கும் பேச்சு போனது. ரொட்டிக் கவுண்டரில் நின்றது அவளுடைய மகள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி வந்தவன் ஒல்லியாக, நெட்டையாக இருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"அக்கா, ரூம் இருக்கா?"

"இருக்கு தம்பி. வெந்நீர் வர கொஞ்ச நேரம் ஆகும். திறந்துவிட்டுட்டுத் தள்ளி நில்லு. மேல கொட்டிக்கிட்டு கத்தாத."

"சரிக்கா."

சாவியை வாங்கும்போது அவன் கை இருமுறை தவறியது. உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் துவைத்த துண்டுகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. மனிதன் குளித்தால் சத்தம் மாறும். தலைக்குக் காட்டுவான், நகர்வான், சோப்பு தேடுவான். இந்தத் தண்ணீர் வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டினாள். "தம்பி!"

பதில் இல்லை. பலமாகத் தட்டினாள். "ஏய் தம்பி, உள்ள என்ன பண்ற?"

அங்கே அந்த நிலையத்தில் அந்தப் பொம்பளையும் இப்படித்தானே தட்டியிருப்பாள் என்று நினைத்தவள் மாற்றுச்சாவியைத் துளையில் திணித்துக் கதவைத் திறந்தாள்.

அவன் ஈரம் படாத மூலையில், சட்டை கால்சட்டையோடு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். வாய் பிளந்திருந்தது. அவள் தண்ணீரை மூடிய சத்தத்தில்தான் திடுக்கிட்டு எழுந்தான்.

"அக்கா, மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம்."

"குளிக்கிற ரூம்ல வந்து படுக்கறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஏன், லாரியில படுக்கை இல்லையா? சீட்டுக்குப் பின்னாடி அவ்வளவு பெரிசா வெச்சிருக்கானே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுல ஒருத்தர் இருக்காருக்கா."

"யாரு, கிளீனரா?"

"இல்லக்கா. எனக்கு முன்னாடி ஓட்டினவரு. அதுலயே செத்துட்டாராம். எங்க கம்பெனியில சொல்லாமக் குடுத்துட்டாங்க. வழியில மத்த டிரைவருங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"அப்ப இருந்தாருன்னு சொல்லு."

"இருக்காருக்கா," என்றான் அவன். "நான் படுத்தா உள்பக்கமா இழுக்கறாரு. ஓரத்துலதான் படுப்பேன். கண்ணு அசந்ததும் யாரோ சட்டையைப் புடிச்சு இழுக்கற மாதிரி சுவரோட போய் ஒட்டிக்கிடப்பேன். கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் படுத்தாலும் விடமாட்டேங்கறாரு. அதையாவது பொறுத்துக்கலாம். தூக்கம் சொக்கும்போது காதுக்கிட்ட வந்து கேக்கறாருக்கா."

"என்ன கேக்கறாரு?"

"'வந்துட்டமா'ன்னு."

அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமா இல்லக்கா. சின்னப்புள்ள கேக்குமே, தூக்கக் கலக்கத்துல, அந்த மாதிரி. 'வந்துட்டமா?' அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்க தூங்கறது? ஸ்டியரிங் மேல தலையை வெச்சுக் கொஞ்சம், கவுண்டர்ல உக்காந்து கொஞ்சம். போன வாரம் ரோட்டுல போய்க்கிட்டே தூங்கிட்டேன். எதிர்ல வந்தவன் அடிச்ச ஹாரன்லதான் முழிச்சேன்."

சாவியக்கா வெளியே வந்தாள். மாடத்தில் கிடந்த "பழுது" அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினாள். கதவை இழுத்து மூடிவிட்டு, "தூங்கு. நானே எழுப்பறேன்" என்று வெளியிலிருந்து சொன்னாள்.

அந்தக் கேள்வியை அவள் புருஷன் தூக்கத்தில் கேட்பார். வீட்டுக்கு வந்த முதல்நாள், உடம்பில் ஓட்டம் அடங்காமல் புரண்டுகொண்டிருக்கும்போது, கண்ணைத் திறக்காமலே கேட்பார். அவள், "வந்துட்டோம், தூங்குங்க" என்பாள். உடனே குறட்டை வரும். காலையில் சொன்னால், "நானா? போடி" என்பார். அது அவருக்கே தெரியாது. அடுத்த அறையில் தூங்கிய மகளுக்கும் தெரியாது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஊழியர் வீடுகள். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் புழுக்கம். சாயங்காலம் கொழுந்தன் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தான். டயர்க்கடை அவன் பொறுப்பு. எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் கறுப்பு போகாது. மைதானத்தில் எல்லாருக்கும் அவன் பஞ்சர்தான். வீட்டிலும் மகள் சில சமயம் "பஞ்சர் சித்தப்பா" என்பாள். இன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"வண்டி வந்திருந்துச்சு அண்ணி," என்றான் கொழுந்தன், தட்டைப் பார்த்தபடி.

"தெரியும்."

"நான்தான் காத்து அடிச்சேன். பின்டயரைக் குனிஞ்சு பாக்கும்போது, மேல இருந்து அண்ணன் 'எவ்வளவுடா இருக்கு'ன்னு கேக்கப்போறாருன்னு இருந்துச்சு. கேக்கல."

"நானும் பாத்தேன்," என்றாள் மகள். "சமையக்கட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். வண்டி கிளம்பற வரைக்கும் வெளிய வரல. கவுண்டர்ல கூட்டம் கத்துது, நான் அங்க மாவு மூட்டைக்குப் பின்னாடி நிக்கறேன்."

சாவியக்கா அவித்த முட்டையை உடைத்து மகள் தட்டில் வைத்தாள். "அந்தப் பையன் தூங்கமாட்டேங்கறான். படுத்தா யாரோ உள்ள இழுக்கறாங்களாம்." குரலைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஏனோ அதைப் பங்கு வைக்க மனம் வரவில்லை.

கொழுந்தன் மெல்லுவதை நிறுத்தினான். "அண்ணனா?"

"சித்தப்பா, சும்மா இருங்க!"

"இல்ல கண்ணு, அவருக்கு அந்த வண்டின்னா உசுரு. வேற ஒருத்தன் கையில விட்டுட்டு எப்படிப் போவாரு?"

"அப்பா அங்க இல்ல. என் கனவுல வர்றாரு," என்றாள் மகள். "அடிக்கடி வருவாரு. கவுண்டருக்கு வந்து ரொட்டி கேப்பாரு. நான் குடுப்பேன். சூடா இல்லைன்னு திட்டுவாரு."

சாவியக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். மகளிடம் ரொட்டி கேட்கிறார். முன்பின் தெரியாத ஒரு பையன் காதில் போய்ப் பேசுகிறார். இவளிடம் மட்டும் ஒரு தடவை, கனவில்கூட, எட்டிப் பார்க்கவில்லை. அப்படி என்ன கோபம்? செத்தவரை வைத்தும் பொறாமைப்படலாம் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

"அம்மா," மகள் பின்னால் வந்து நின்றாள். "புதுசா ஒரு நிலையம் திறக்கறாங்கல்ல, கடற்கரைப் பக்கம். அங்க மாத்திக் கேட்டிருக்கேன். குடுத்துடுவாங்க போல."

"இங்க என்ன குறை?"

"ஒவ்வொரு லாரி வரும்போதும் தலையைத் தூக்கிப் பாக்கறேன்மா. எத்தனை நாள் பாக்கறது?"

"அங்கயும் லாரிதான் வரும். அதே மஞ்சக் கூரைதான்."

"அங்க அப்பா வந்ததில்ல இல்ல," என்றாள் மகள்.

அடுத்தமுறை அந்த லாரி வந்தபோது நல்ல மழை. மைதானம் முழுக்க எண்ணெய் மினுக்கும் குட்டைகள். பம்புக் கூரையின் கீழே திரும்பிய லாரி நேராக வராமல் தூணை உரசிக்கொண்டு போய் நின்றது. தகரம் கிழிபடும் சத்தத்துக்கு உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். மேனேஜர் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பம்பு மேல ஏத்தியிருந்தா மொத்தப் பேரும் சாம்பல்டா! குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல சார். தூக்கம்…"

"தூக்கமா? ஓட்டறவன் சொல்ற பேச்சா இது? இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நேரா உன் கம்பெனிக்கு போன் போட்டுடுவேன். அப்புறம் வீட்டுல போய்த் தூங்கு, ஆயுசுக்கும்!"

மழையில் நனைந்தபடி அவன் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். போன தடவையைவிடப் பாதியாக இளைத்திருந்தான். சாவியக்கா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள். லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். அவன் இறங்கியதும் துண்டை நீட்டினாள்.

"தம்பி, இந்த லாரியில இருந்தவரு என் வீட்டுக்காரருதான்."

அவன் ஓரடி பின்னால் போனான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, தெரியாமப் பேசிட்டேன்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"தெரியாமப் பேசினதாலதானே உள்ளதைப் பேசின? தெரிஞ்சிருந்தா மூடி மறைச்சிருப்ப. கதவைத் திற. நான் ஏறிப் பாக்கணும்."

அவர் இருந்த நாளில் அவள் அதில் ஏறியது மிகக் குறைவு. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழிருந்து நீட்டுவாள், அவர் மேலிருந்து வாங்கிக்கொள்வார். இப்போது படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறினாள். மழை கண்ணாடியில் அடித்தது. உள்ளே மலிவான வாசனைத் தண்ணீர் நெடி. புதுத் திரை போட்டிருந்தார்கள். சீட்டுக்கு உறை மாற்றியிருந்தார்கள். அவருடையது என்று ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வாங்கி மாட்டிய மணிச்சரம், மூக்குக்கண்ணாடிப் பெட்டி, பழைய சீப்பு, எதுவும் இல்லை. எல்லாவற்றையும் வழித்தெடுத்திருந்தார்கள்.

ஆனால் சாவியக்கா கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும்தான் துடைத்திருந்தார்கள். தூக்க வேண்டியதைத் தூக்கவில்லை, நகர்த்த வேண்டியதை நகர்த்தவில்லை. அவளிடம் யாராவது இப்படி ஓர் அறையைச் சுத்தம் செய்து காட்டியிருந்தால் வாளியைத் தூக்கி எறிந்திருப்பாள். சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் மண்டியிட்டு, மெத்தை உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பளபளவென்ற புது உறைக்குள் பழைய நீலக்கோடு போட்ட மெத்தை.

"மெத்தையைக்கூட மாத்தலியா பாவிங்க!" என்றான் படியில் தொற்றி எட்டிப் பார்த்தவன்.

அவள் உறையை முழுக்க உருவினாள். உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். பின்சுவரை ஒட்டி ஒரு பள்ளம். ஆள் நீளத்துக்கு, தோள் ஓர் இடத்தில், இடுப்பு ஓர் இடத்தில், முழங்கால் மடங்கும் இடம்வரை, பஞ்சு அப்படியே அமுங்கிக் கிடந்தது. வருஷக்கணக்காக ஒரே உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்து உண்டான பள்ளம். ஒருக்களித்து, சுவரைப் பார்த்து, தன்னைச் சுருக்கிக்கொண்டு படுத்த உடம்பு. மற்ற பாதி, வெளிப்பக்கத்துப் பாதி, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி விறைப்பாக மேடு தட்டி நின்றது.

அவள் கை அந்த மேட்டில் நின்றுவிட்டது. ஒருத்தர் மட்டும் படுக்கிற படுக்கை. காலை விரித்துப் போட்டு நடுவில் படுத்தாலும் கேட்க ஆளில்லை. அப்படியும் அந்த மனுஷன் ஊர் ஊராகப் போய், இத்தனை வருஷமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாதி மெத்தையைக் காலியாக விட்டுத் தூங்கியிருக்கிறார். வீட்டுக் கட்டிலில் அவள் வந்து படுக்க இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தாரே, அதே மாதிரி.

"அக்கா?" கீழேயிருந்து அவன் கூப்பிட்டான். "ஏதாச்சும் தெரியுதாக்கா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மேல வா. கையை இங்க வை. தெரியுதா? உன்னை யாரும் இழுக்கல. ஓரத்துல படுத்தா உருண்டு பள்ளத்துக்குத்தான் போவ. பள்ளம்தான் இழுக்குது."

அவன் தடவிப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகம் கோணியது. "இதுக்கா நான் இத்தனை நாள் செத்தேன்!" பிறகு மெல்ல, "அப்ப, அந்தக் குரல்?" என்றான்.

சாவியக்கா உருவிய உறையைச் சுருட்டினாள். "அது உன்னைக் கேட்டதில்ல," என்றாள். "அதை எங்கிட்ட விட்டுடு."

மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் கொழுந்தன் திகைத்துப்போனான். "அண்ணி, உங்களுக்கு என்ன கிறுக்கா? குப்பையில போடச் சொன்னீங்கன்னா போட்டுடறேன். எரிக்கச் சொன்னீங்கன்னா எரிச்சுடறேன். வீட்டுக்குள்ளயா?"

"என் கட்டில்ல இருக்கற மெத்தையைத் தூக்கிட்டு வா. அகலம் அதிகமா இருந்தா டயர்க் கத்தியால வெட்டிடு. இந்தப் பையனுக்கு அதைப் போடு."

"புள்ள என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?"

"நீ ஒரு பக்கம் புடிக்கிறியா, நான் இவனைப் புடிக்கச் சொல்லட்டுமா?"

அவன் பிடித்தான். தார்ப்பாயில் சுற்றி, தூறலில் மைதானத்தைத் தாண்டி, முன்னால் கொழுந்தனும் பின்னால் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். காப்பிக் கவுண்டர் வாசலில் நின்ற டிரைவர்களில் சிலர் என்னவென்று தெரியாமலே சிகரெட்டைக் கீழே போட்டார்கள். பார்ப்பதற்குப் பிணத்தைத் தூக்கிப்போகிற மாதிரிதான் இருந்தது. பாதி வழியில் கொழுந்தனின் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள். மழைக் குளிர் என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் வேலை முடிந்து வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எங்கருந்தும்மா வந்துச்சு?"

"அப்பாவோடது."

"எதுல… அந்த மெத்தையா?" அவள் முகம் வெளிறிப்போனது. "பொணம் கிடந்த மெத்தைம்மா அது!"

"உங்கப்பா படுத்த மெத்தை."

"எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா உன்னை? ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னு சொல்றாங்க. நான் எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போறேன். அன்னைக்கெல்லாம் கல்லு மாதிரி நின்னுட்டு, இப்ப வந்து… இதைக் கட்டிக்கிட்டு…"

"வந்து தொட்டுப் பாரு. ஒரு விஷயம் காட்டறேன்."

"நான் தொடமாட்டேன். அது இங்க இருந்தா நான் இருக்கமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். துணிகளை ஒரு பைக்குள் அமுக்கிக்கொண்டு, கவுண்டர்ப் பெண்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டாள். அடுத்தநாள் மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது என்று கொழுந்தன் வந்து சொன்னான். சாவியக்கா ரொட்டிக் கவுண்டரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். மகள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இவளும் நிற்கவில்லை. வீம்பில் அம்மாவும் மகளும் ஒரே அச்சு.

வேலை முடிந்து வந்ததும் அவள் அந்தப் பள்ளத்தில் படுத்தாள். முதல் நாள் உடம்பு பொருந்தவில்லை. அவர் தோள் அகலம். அவளுக்கு இடுப்பு இறங்கும் இடம் வேறு. இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். எதற்கென்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒரு கேள்வி. அதற்கான பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

லாரிக்காரப் பையன் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். முகம் மழித்து, தலைவாரி, கையில் ஒரு பை ஆப்பிளோடு வந்தான்.

"அக்கா! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்கா. போன தடவை பக்கத்து வண்டிக்காரன் வந்து தட்டி எழுப்பினான், செத்துட்டேனோன்னு பயந்துட்டானாம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவாயில்ல. ஒண்ணும் கேக்கலியா?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"தூக்கம் சொக்கும்போது, லேசாக்கூட?"

"இல்லவே இல்லக்கா. போயிட்டாரு." அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவள் துண்டு அடுக்குவதற்காகத் திரும்பிக்கொண்டாள். அவன் ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "ஏன்கா, அவரு கேட்டப்போ நான் ஒரு தடவையாச்சும் பதில் சொல்லியிருக்கணுமோ? இன்னும் கொஞ்ச தூரம்தான், வந்துடுவோம்னு?"

"அப்படிச் சொல்லியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. உன்னை ஓட்ட விட்டிருக்கமாட்டாரு," என்றாள் சாவியக்கா.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துப் பார்த்தாள். வரவில்லை. அவன் குளித்துவிட்டுப் போன அறையைச் சுத்தம் செய்ய உள்ளே போனாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தாள். தரையில் காலடி இருந்தது. தள்ளினாள். வருஷக்கணக்காகச் செய்த வேலைதான். இன்றைக்கு ஒவ்வொன்றும் மறைவதை நின்று பார்த்தாள். அந்த லாரிக்குள் ஒட்டிக்கிடந்த ஒரே ஒரு குரலையும் அவளே உறையை உருவி, மெத்தையை மாற்றி, சுத்தம் செய்து துரத்திவிட்டாளோ? அங்கேயாவது இருந்தார். எவன் காதிலாவது பேசிக்கொண்டிருந்தார். இனி எங்கே போய்க் கேட்பது?

மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. செருப்பைக்கூட வாசலில் விடாமல் போய், பள்ளத்தில் விழுந்து, சுவரைப் பார்த்து, அவர் படுத்த மாதிரியே காலை மடக்கிக்கொண்டாள். வந்தது அழுகை. முதலில் சத்தமில்லாமல் வந்தது. பிறகு பல்லைக் கடித்தும் அடங்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஐந்தாறு மாதத்து அழுகை. எப்போது ஓய்ந்தது, எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை.

வெளிப்பக்கத்து மெத்தை அமுங்கியது.

அவள் விழித்துக்கொண்டாள். ஆனால் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பாரம் மெதுவாக இறங்கியது. கட்டில் முனகியது. யாரோ காலை நீட்டிப் படுத்தார்கள். மூச்சு அவள் பிடரியில் பட்டது. உடம்பு முழுக்க முடி சிலிர்த்து நின்றது. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. சுவரில் சுண்ணாம்பு பொரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவளுக்கு இந்த உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ரொட்டி வாசனை வந்தது. ஈஸ்ட்டும் வெண்ணெயும் கலந்த, கவுண்டர்ச் சட்டையில் ஊறிப்போன வாசனை.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா," என்றாள் மகள். குரல் கரகரத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல.

"முடியாது. பள்ளம் விடாது."

கொஞ்சம் கழித்து மகளின் கை மெத்தையைத் தடவுவது கேட்டது. தன் பக்கத்து மேட்டை, பிறகு அம்மா கிடந்த பள்ளத்தின் விளிம்பை. விரல்கள் அந்த விளிம்பிலேயே முன்னும் பின்னுமாகப் போய்வந்தன.

"இந்தப் பக்கம் ஏம்மா இப்படிப் புதுசா இருக்கு?"

"உங்கப்பா அதுல படுத்ததே இல்ல."

"ஏன்?"

"எனக்கு விட்டு வெச்சிருந்தாரு."

மகளின் மூச்சு ஒருமுறை நின்று திரும்ப வந்தது.

"பஸ் எப்ப?" என்றாள் சாவியக்கா.

"சாயங்காலம். சித்தப்பா ஏத்திவிடறேன்னாரு. நீ போகாதன்னு சொல்லமாட்டியாம்மா?"

"சொல்லமாட்டேன். அங்க போய் நல்லா தூங்கு. லாரியெல்லாம் பாக்காத."

"பாக்காம எப்படிம்மா?"

"அப்ப பாரு. பாத்துட்டு ரொட்டியைக் கவனி. சூடா குடு."

மகள் சிரித்தாளோ, விசும்பினாளோ, முதுகு அதிர்ந்தது. விடிகாலையிலிருந்து மாவு பிசைந்த உடம்பு, சீக்கிரமே தூங்கிப்போனது. தூங்கத் தூங்க, மேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் சரிந்துவந்தது. முதலில் தோள் வந்து இடித்தது, பிறகு இடுப்பு, பிறகு முழுப் பாரமும். சாவியக்கா நகர்ந்து இடம் கொடுக்கப் பார்த்தாள். இடமில்லை. நெற்றியும் முழங்காலும் சுவரில் அழுந்த, மகளின் மொத்தக் கனத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கொழுந்தன் வந்து கதவைத் தட்டும்வரை அசையாமல் கிடந்தாள்.